ஆத்தங்குடி கல் எத்தனை வேண்டும்? பைத்தானில் ஒரு முதல் நிரல்

தானாகவே நிரல் எழுதப் பழகுகிறவர்கள் பலர் ‘ஹலோ வேர்ல்ட்’ முடித்த கையோடு வீடியோ பார்த்து ஒரு கேம் தட்ட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதைவிட, விடை சரியா தப்பா என்று பேப்பரில் போட்டுப் பார்க்க முடிகிற சின்னக் கணக்கே முதல் புராஜெக்ட்டுக்கு நல்லது. காரைக்குடிப் பக்கம் வீடு புதுப்பிக்கிறவர்களுக்கு வருகிற கணக்கையே எடுத்துக்கொள்வோம்: தரைக்கு ஆத்தங்குடி கல் (கையால் வார்க்கிற சிமெண்ட் டைல்) எத்தனை? நிரல் உளறினால் கல் பதிக்கும் கொத்தனார் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

தயார் செய்ய

கம்ப்யூட்டரில் தான்னி என்ற இலவச எடிட்டர் போதும். பைத்தான் அதற்குள்ளேயே வரும், தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ‘வியூ’ மெனுவில் ‘வேரியபிள்ஸ்’ என்பதை டிக் செய்துவிடுங்கள். எந்தப் பெயருக்குள் என்ன மதிப்பு இருக்கிறது என்பது பக்கத்திலேயே தெரியும்.

பைத்தான் 3-இல் வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கீழே வரும் இன்ட் (int), இன்புட் (input), பிரிண்ட் (print), டெஃப் (def), ரிட்டர்ன் (return), இஃப் (if) ஆகிய ஆறை மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். மற்றதெல்லாம் இருக்கிறபடியே. வாட்ஸ்அப்பில் வந்த நிரலை அப்படியே ஒட்டாதீர்கள். மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறியிருந்தால் பைத்தான் ஏற்காது.

படி 1: அளவை வாங்குதல்

முகப்பு 24 அடி 6 இஞ்சு நீளம், 14 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். 24 அடி 6 இஞ்சு என்பதை 24.6 என்று தட்டுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தப்பு. அது 24.5 அடி. அதனால் அடியையும் இஞ்சையும் தனித்தனியாகக் கேட்டு, எல்லாவற்றையும் இஞ்சாக மாற்றிவிடுங்கள். புள்ளி வைத்த எண்ணே இந்த நிரலுக்குள் நுழையக் கூடாது; காரணம் படி 3-இல்.

நீளம் = இன்ட்(இன்புட்("நீளம் அடி: ")) * 12 + இன்ட்(இன்புட்("மீதி இஞ்சு: "))

அகலத்துக்கும் இதே மாதிரி ஒரு வரி. விடை 294, 168 என்று வர வேண்டும்.

வரியில் உள்ள இரண்டு இன்ட்டையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று வேண்டுமென்றே ஒருமுறை பாருங்கள். இன்புட் தருவது எண் அல்ல, எழுத்துக்கோவை. "24"-ஐ 12-ஆல் பெருக்கினால் 288 வராது. 242424 என்று 24 பன்னிரண்டு தடவை வரிசையாக நிற்கும். எரர் எதுவும் வராது. கீழே வகுக்கிற வரிக்குப் போன பிறகுதான் ‘டைப் எரர்’ என்று கத்தும். எரர் காட்டுகிற வரியில் மட்டும் தேடாமல் மேலேயும் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஒரு வேடிக்கை: ௨௪ என்று தமிழ் எண்ணில் தட்டினாலும் இன்ட் அதை 24 என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் பழைய கணக்கேட்டு முறையில் ௨௰௪ என்று தட்டினால் ஒத்துக்கொள்ளாது. ௰ பைத்தானுக்கு இலக்கம் இல்லை.

படி 2: வரிசை எண்ணுதல்

10 இஞ்சுக் கல் என்றால் 294-க்கு 29.4 வரும். 0.4 கல் யாரும் தர மாட்டார்கள். 30 என்று மேலே ஏற்ற வேண்டும்.

டெஃப் வரிசை(இஞ்சு, கல்):
    ரிட்டர்ன் (இஞ்சு + கல் - 1) // கல்

டெஃப் ஒரு கணக்குக்குப் பெயர் வைக்கும், ரிட்டர்ன் அதன் விடையைத் திருப்பித் தரும். இரட்டைச் சாய்கோடு மீதியைத் தள்ளிவிட்டு வகுக்கும். முன்னாலேயே 9 சேர்த்துவிடுவதால் மீதி 1 இருந்தாலும் ஒரு கல் கூடும், மீதி இல்லையென்றால் கூடாது. பிரிண்ட்(வரிசை(280, 10)) என்று கொடுத்தால் 28, 280-க்குப் பதில் 281 கொடுத்தால் 29 வருகிறதா பாருங்கள். இரண்டாவது வரி நான்கு ஸ்பேஸ் உள்ளே தள்ளியிருக்க வேண்டும். டேபும் ஸ்பேசும் கலந்தால் ஓடாது.

நீளத்துக்கு 30, அகலத்துக்கு 17. மொத்தம் 510. பரப்பளவை வகுத்துப் போட்டால் 494-தான் வரும். வெட்டிய துண்டெல்லாம் வேறிடத்தில் பயன்படும் என்று நம்பும் கணக்கு அது. பூப்போட்ட கல்லில் துண்டு ஒட்டினால் கோலம் உடையும். அதோடு இது கையால் வார்க்கிற கல். பத்துக் கல் குறைந்து பிறகு வாங்கினால் நிறம் அச்சாக அமையும் என்று சொல்ல முடியாது. 510-ஐ எடுங்கள்.

படி 3: சேதாரம்

100 கல்லுக்குப் பத்து சதவீதம் சேர்க்க 1.1-ஆல் பெருக்கிப் பாருங்கள். பைத்தான் 110.00000000000001 என்று காட்டும். கம்ப்யூட்டர் 1.1-ஐ இரும எண்ணாக (0, 1 மட்டும் கொண்டு) வைத்திருப்பதால், துல்லியமாக வைக்க முடியாமல் வரும் பிசிறு இது. இதை மேலே ஏற்றினால் 111 ஆகிவிடும். முழு எண்ணிலேயே போட்டால் தொல்லை இல்லை. ஐந்து சதவீதத்துக்கு:

டெஃப் சேதம்(எண்ணிக்கை):
    ரிட்டர்ன் (எண்ணிக்கை * 105 + 99) // 100

510-க்கு 536 வரும்.

படி 4: பார்டர்

சுவரை ஒட்டி ஒரு வரிசை பார்டர், மூலைக்குத் தனிக் கல். சுற்றளவு 2 * (30 + 17) = 94 என்று போட்டால் நான்கு மூலையும் இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கும். 4 கழித்தால் 90. அதில் மூலை 4, பார்டர் 86. உள்ளே 28 * 15 = 420. கூட்டினால் 510 சரியாக வருகிறது. வெட்டு பார்டரில் விழாமல் உள்வரிசைக்குக் கொத்தனார் தள்ளிக்கொள்வார், எண்ணிக்கை மாறாது.

சேதாரத்தை ஒவ்வொன்றுக்கும் தனியாகப் போடுங்கள்: 5, 91, 441. இப்போது மொத்தம் 537. ஒன்று கூடுவது தப்பில்லை, மூன்று இடத்தில் மேலே ஏற்றியிருக்கிறோம். பட்டறையில் சொல்ல வேண்டியதும் இந்த மூன்று எண்களைத்தான். பிரிண்ட் அவற்றைத் தனித்தனி வரியாகக் காட்டட்டும்.

கடைசியாக 5 கல் நீளம், 1 கல் அகலம் உள்ள வாசற்படி ஓரத்தைக் கொடுத்துப் பாருங்கள். சுற்று 8, உள்ளே -3. கூட்டினால் 5, மொத்தம் சரி! ஆனால் மைனஸ் மூன்று கல்லை யாரும் வார்க்க முடியாது. நீளமோ அகலமோ ஒரே வரிசை என்றால் பார்டர் கணக்குக்குப் போகாமல் மொத்தத்தை மட்டும் சொல்லும்படி ‘இஃப்’ ஒன்றை மேலே சேர்த்துவிடுங்கள்.