பைத்தான் ஸ்கிரிப்டிலிருந்து லாகின் செய்வது எப்படி?

தினமும் ஒரு தளத்தில் லாகின் செய்து ஏதாவது அறிக்கையை டவுன்லோடு செய்கிறீர்களா? அதை ஒரு ஸ்கிரிப்டிடம் விட்டுவிடலாம். பைத்தானும், தளங்களுக்குக் கோரிக்கை அனுப்பும் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரியும் போதும். சில தளங்களுக்கு மட்டும், பக்கத்திலிருந்து தகவலைப் பிரித்தெடுக்கும் பியூட்டிஃபுல் சூப் லைப்ரரியும் வேண்டும்.

படி 1: லாகின் எந்த வகை?

முகவரியைத் திறந்ததும் பிரவுசரே சின்னப் பெட்டி ஒன்றைக் காட்டி பெயரும் பாஸ்வேர்டும் கேட்டால், அது பெரும்பாலும் பேசிக் ஆத், அதாவது ஒவ்வொரு அழைப்போடும் பெயரையும் பாஸ்வேர்டையும் அனுப்பும் எளிய முறை. பக்கத்துக்குள்ளேயே கட்டங்கள் இருந்தால் ஃபார்ம் லாகின்.

படி 2: பேசிக் ஆத்

கெட் அழைப்பில் (பக்கத்தைக் கேட்டு வாங்கும் அழைப்பு) முகவரியோடு ஆத் என்ற பெயரில் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் ஒரு டியூப்பிளாக (அடைப்புக்குறிக்குள் கமா போட்ட ஜோடியாக) கொடுங்கள். அவ்வளவுதான். லைப்ரரி அவற்றை பேஸ்64 வடிவில் மாற்றி ஹெடரில் (அழைப்போடு சேர்ந்து போகும் கூடுதல் தகவல் பகுதியில்) அனுப்பும். பேஸ்64 ரகசியக் குறியீடு அல்ல, யாரும் நொடியில் திருப்பிப் படித்துவிடலாம். எனவே எச்டிடிபிஎஸ் இல்லாத முகவரிக்கு அனுப்பவே கூடாது. பதில் 401 என்று வந்தால் சர்வர் உங்களை ஏற்கவில்லை. 403 என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்கு உங்களுக்கு அனுமதி இல்லை.

படி 3: ஃபார்ம் லாகின்

தடுமாற்றமெல்லாம் இங்கேதான். முதலில் ஒரு செஷன் உருவாக்குங்கள். சர்வர் தரும் குக்கிகளை (உங்களை அடையாளம் காண உதவும் சின்னத் தகவல்களை) அடுத்தடுத்த அழைப்புகளுக்கு அதுதான் வைத்திருக்கும். அந்தச் செஷனிலேயே லாகின் பக்கத்தை கெட் செய்யுங்கள். பல தளங்கள் ஃபார்முக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தில் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (ஃபார்ம் தன் பக்கத்திலிருந்தே வருகிறதா என்று தளம் சரிபார்க்கும் குறி) வைத்திருக்கும். அதை பியூட்டிஃபுல் சூப் கொண்டு எடுத்து, பெயர், பாஸ்வேர்டோடு சேர்த்து போஸ்ட் செய்யுங்கள், அதாவது சர்வருக்கு அனுப்புங்கள். கட்டங்களின் பெயர்களை ஊகிக்க வேண்டாம். பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்து ஒருமுறை கையால் லாகின் செய்தால், என்னென்ன போகிறது என்று அப்படியே தெரியும்.

200 (கோரிக்கை நிறைவேறியது என்ற பதில் எண்) வந்துவிட்டது, சரி, உள்ளே போய்விட்டோம் என்று நினைக்காதீர்கள். பாஸ்வேர்டு தவறானாலும் பல தளங்கள் அதே லாகின் பக்கத்தை 200 உடன்தான் திருப்பித் தரும். வந்த பக்கத்தில் 'லாக் அவுட்' இணைப்பு இருக்கிறதா என்று ஸ்கிரிப்டே தேடட்டும்.

படி 4: பாஸ்வேர்டை எங்கே வைப்பது?

ஸ்கிரிப்டின் கோடுக்குள் மட்டும் வேண்டாம். கோடின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட்டில் ஒருமுறை கமிட் ஆகிவிட்டால் (பதிவாகிவிட்டால்), அப்புறம் அந்த வரியை அழித்தாலும் பழைய வரலாற்றில் இருக்கும். என்விரான்மென்ட் வேரியபிளில் (கோடுக்கு வெளியே கணினி அமைப்பில் வைக்கும் மதிப்பில்) வைத்து, ஓஎஸ் மாட்யூல் வழியாகப் படியுங்கள்.

தளம் ஏபிஐ டோக்கன் (ஸ்கிரிப்டுகள் தளத்தோடு பேசும் வழியான ஏபிஐக்கு, பாஸ்வேர்டுக்குப் பதிலாகத் தரும் சாவி) தருகிறதென்றால் பாஸ்வேர்டை விட்டு அதையே எடுங்கள். கோடை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப் தன் ஏபிஐயில் பாஸ்வேர்டு லாகினை 2020 நவம்பரிலேயே நிறுத்திவிட்டது. டோக்கன் கசிந்தாலும் அதை மட்டும் ரத்து செய்தால் போதும், அதற்குத் தரும் அனுமதியையும் நீங்களே குறைத்துக்கொள்ளலாம்.