மழைக்காட்டில் பறவைக்கு வளையமிடும் முறை

பிரேசிலின் தென்கிழக்குக் கரையோரம், செரா டோ மார் மலைத்தொடரின் சரிவுகளில் உள்ள அட்லாண்டிக் காட்டுக்கான குறிப்புகள் இவை. அங்கே பறவையின் காலில் மாட்டும், எண் பொறித்த அலுமினிய வளையங்களைத் தருவதும் பதிவுகளைத் திரட்டுவதும் 1977-இல் தொடங்கிய செமாவே என்ற அரசு மையம். அதன் அனுமதி கையில் இல்லாமல் வலையை விரிக்கவே கூடாது.

பறவையின் கண்ணுக்கு எளிதில் படாத மெல்லிய நூல்வலையான மிஸ்ட் நெட், 12 மீட்டர் நீளம் போதும். சிறு பறவைகளுக்கு 36 மி.மீ. கண்ணி பொருந்தும். அடர்ந்த புதரையும் திறந்த ஒற்றையடிப் பாதையையும் பிரிக்கும் இடத்தில், நிழலில் கட்டுங்கள். அடிக்கயிறு தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்ந்திருக்கட்டும். பறவை விழுந்ததும் அதைத் தாங்கும் வலை மடிப்பான வலைப்பை தொங்கித் தரையைத் தொட்டால், படை எறும்புகள் முந்திக்கொள்ளும். எறும்புப் படை நகர்வது தெரிந்தால் அந்த வலையை உடனே சுருட்டிவிடுங்கள். படையைப் பின்தொடரும் எறும்புப் பறவைகள் நிறைய விழுமே என்ற ஆசை வேண்டாம்.

விடியலில் திறந்து, அரை மணிக்கு ஒருமுறையாவது எல்லா வலைகளையும் சுற்றி வாருங்கள். வெயில் விழும் வலைக்கு அதுவும் தாமதம்தான். தூறல் விழுந்தால் மூடுங்கள்: இருபது கிராம் பறவை நனைந்தால் சில நிமிடங்களில் விறைத்துப்போகும். அந்தி சாயும் முன் மூடாவிட்டால் வௌவால் சிக்கி, வலையைக் கடித்துக் கிழிக்கும்.

எந்தப் பக்கமிருந்து பறவை வந்து விழுந்ததோ, அந்தப் பக்கமாகவே எடுக்க வேண்டும். பெரும்பாலும் முதலில் கால்களை விடுவித்து, பிறகு வயிறு, சிறகு, கடைசியில் தலை. நாக்கில் நூல் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இழுத்தால் நாக்கு கிழியும். சிக்கல் பிரியவில்லை என்றால் ஒரு நூலை வெட்டுங்கள். வலையைத் தைத்துக்கொள்ளலாம்.

கழுத்து ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே வர, முதுகு உள்ளங்கையில் படியப் பிடியுங்கள். நெஞ்சை அழுத்தக் கூடாது. மார்பெலும்பு அசைந்தால்தான் பறவைக்கு மூச்சு. ஒரு பருத்திப் பையில் ஒரே பறவை. பையை நிழலில் தொங்கவிடுங்கள். ஹம்மிங்பேர்டுகளுக்கு இந்தச் சாதாரண வளையங்கள் சேராது. வந்தவுடன் விட்டுவிடுங்கள்.

வளையத்தின் அளவை இனப் பட்டியலில் பாருங்கள், காலையும் அளந்து சரிபாருங்கள். அளவுக்கேற்ற துளையுள்ள பிளையரில் வைத்து மூடினால் இரு முனைகளும் இடைவெளியின்றி முட்டி நிற்க வேண்டும். இடைவெளி இருந்தால் நூலும் நாரும் மாட்டும். முனை ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் காலை நெரிக்கும். வளையம் சுழல வேண்டும், மேலும் கீழும் நகர வேண்டும், ஆனால் மூட்டுக்கு மேலோ பாதத்துக்கோ தாண்டக் கூடாது. எண்ணை ஒருவர் படிக்க, இன்னொருவர் திருப்பிச் சொல்லி எழுதட்டும். தவறான இலக்கம் ஒன்று போதும், பிறகு அகப்படும்போது அது வேறு பறவையாகிவிடும்.

சிறகு, கணுக்கால், எடை அளப்பது எளிது. ஆண், பெண் சொல்வதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். நீல மனாகின் என்ற சிறு காட்டுப் பறவையின் இளம் ஆணும் பெண்ணைப் போலவே பச்சை. முழு நிறம் வரச் சில ஆண்டுகள் ஆகும். பச்சை என்பதால் பெண் என்று எழுதாதீர்கள். மனாகின்களில் பெண் மட்டுமே அடைகாப்பதால், வயிற்றில் அடைகாக்கும் திட்டு (இறகு உதிர்ந்து வெறுந்தோலான இடம்) இருந்தால் பெண். எறும்புப் பறவைகளில் ஆணும் அடைகாக்கும் என்பதால் அங்கே இந்த விதி செல்லாது. தெரியாததைத் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள்.

ஜனவரி 1-இல் பறவைக்கு வயது ஒன்று கூட்டும் வடக்கு நாடுகளின் ஆண்டுக் கணக்கு இங்கே பயன்படாது. அந்த நாள் இங்கே இனப்பெருக்கக் காலத்தின் நடுவில் வருகிறது. இறகு உதிரும் சுழற்சியை வைத்து வயது குறிக்கும் உல்ஃப்–ரைடர்–பைல் முறை (2010) பொருந்தும். சிறகின் பெரிய மறைப்பிறகுகளில் (பறக்கும் இறகுகளின் அடியை மூடும் வரிசை) பழையதும் புதியதும் கலந்த எல்லை உண்டா என்று முதலில் தேடுங்கள்.

பறவை கண்ணை மூடினாலோ, இறகைச் சிலிர்த்தாலோ, அலகைத் திறந்து மூச்சு வாங்கினாலோ அளவெடுப்பதை அங்கேயே நிறுத்துங்கள். பிடித்த இடத்தருகே, தரையோரம் கையை விரித்து விடுங்கள். மேலே வீசக் கூடாது.