மலேசியாவின் பந்திங்கில் சமையற்கட்டின் ஒரு மூலை மட்டும் இறங்கியபோது

சேர்த்துக் கட்டிய சமையற்கட்டு, பழைய சுவரை விட்டுப் பிரிந்தது. விரிசல் மேலே அகலம், கீழே குறுகல். வெளிமூலை இறங்குகிறது என்று அர்த்தம்.

நான்கு மூலையிலும் கை ஆகரால் (கையால் திருகி மண்ணைத் துளைக்கும் கருவி) 2 மீட்டர் துளைத்தேன். மூன்றில் இறுகிய செம்மண். நான்காவதில் அரை மீட்டருக்குக் கீழே சாம்பல்நிறக் கடற்களிமண், பிடித்தால் விரலிடுக்கில் பிதுங்கியது. அதன் தலைமேல் மெல்லிய மணல் அடுக்கு. லோங்காங் (கழிவுநீர்க் கால்வாய்) வெடிப்பிலிருந்து தண்ணீர் அதில்தான் ஓடிவந்தது. ஒரே துளையை நம்பவே நம்பாதீர்கள்.

வெடிப்பை அடைத்து, மணல் மட்டத்தில் பக்கத்தில் துளைகள் உள்ள 100 மில்லிமீட்டர் குழாயை ஜல்லியோடு, ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) சுற்றி, 100க்கு 1 சரிவில் பதித்தேன். துணி இல்லையென்றால் மணல் அரித்துப் போகும். களிமண்ணுக்குள் இறக்கினால் நீர்மட்டம் தாழ்ந்து இன்னும் அமுங்கும்.

விரிசலில் சிமெண்ட் நிற்காது. 12 மில்லிமீட்டர் இடைவெளி வெட்டி, நுரைக்கயிறு திணித்து, பியூ சீலண்ட் (நெகிழும் பாலியூரித்தேன் பசை) பூசினேன்.