பங்குனியில் மாடித்தோட்டம்: காலையில் செய்யும் தவறுகள்

மாசி பாதி தாண்டியதும் வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் மொட்டை மாடிகளில் செடிகள் துளிர்விட ஆரம்பிக்கும். குண்டுமல்லி மொட்டு வைக்கும், பாகல் கொடி பந்தலைப் பிடிக்கும். சித்திரை வெயில் வந்து சேர்வதற்குள் செடிக்குக் கிடைக்கிற நல்ல நாட்கள் இவை. தினமும் காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் சரியாகக் கவனித்துவிட்டால் செடி கோடையைத் தாங்கிவிடும்.

மாடி ஏறியதும் பைப்பைத் திறக்காதீர்கள். முதலில் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) கலந்த மண் மேலே காய்ந்து வெளுத்திருந்தாலும் உள்ளே சில்லென்று ஈரம் நிற்கும். அதில் மேலும் ஊற்றினால் வேர் அழுகும்.

அதைவிட முக்கியம், எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம் என்பது. கடலோரத் தெருக்கள் பலவற்றில் போர்வெல் தண்ணீர் உப்பு. அதை ஊற்றும் வீடுகளில் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும், இலை நுனி கருகும். மண்ணில் உப்பு கூடினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. அதனால் மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடும். அடடா வாடுகிறதே என்று அதே தண்ணீரை இன்னும் கொஞ்சம் தெளிப்பார்கள். செடி போவது பெரும்பாலும் இப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கிவிடும். ஊற்றினால் அடித்துளை வழியே வழிகிற அளவுக்கு ஊற்றுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாவது, அடிபம்பில் பிடித்த மெட்ரோ தண்ணீரை (குடிநீர் வாரியம் விடும் தண்ணீர்)த் தொட்டி நிறைய இரண்டு மூன்று முறை ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும்.

குடிக்கவே குடத்தை எண்ணிப் பிடிக்கும் வீட்டில் இது கஷ்டம்தான். அப்படியானால் ரோஜா, எலுமிச்சை, பீன்ஸ் மூன்றுக்கும் மட்டுமாவது நல்ல தண்ணீரை ஒதுக்குங்கள். இவை உப்பைத் தாங்காது. அரிசி களைந்த தண்ணீர், காய்கறி கழுவிய தண்ணீர் எல்லாம் நல்லதுதான். ஆனால் ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரைத் தயவுசெய்து செடிக்கு விடாதீர்கள். மெஷின் பிரித்தெடுத்த உப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. வாசல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர், மணலி பக்கம் இலைமேல் தூசி அதிகம் படியும். அதைக் காலையிலேயே நல்ல தண்ணீரால் கழுவிவிடலாம், வெயிலில் இலை காய்ந்துவிடும். கழுவும்போது இலையின் அடிப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். மாவுப்பூச்சியும் செம்பேனும் குடியிருப்பது அங்கேதான். ஆனால் வேப்பெண்ணெய்க் கரைசலைக் காலையில் அடிக்க வேண்டாம். எண்ணெய் படிந்த இலை வெயிலில் கருகும், பூவுக்கு வரும் தேனீக்கும் ஆகாது. வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள்.

அடுத்தது, பலரும் வருத்தப்படும் விஷயம்: பிஞ்சு மஞ்சளாகி உதிர்வது. உடனே உரம் வைக்கிறார்கள். பூசணி, பாகல், புடலை, சுரை, பீர்க்கன் எல்லாவற்றிலும் ஆண் பூ, பெண் பூ தனித்தனி. மாடியில் தேனீ குறைவு என்பதால் நாம்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும். பூவுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே மெல்லத் தடவினால் போதும். நேரம்தான் முக்கியம். பூசணிப் பூ விடியும்போது விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். பாகலும் காலைப் பூதான். சுரையும் பீர்க்கனும் சாயங்காலம் விரிபவை. காலையில் போய்த் தேடினால் வாடிய பூதான் கிடைக்கும். அதற்கு மாலையில் மாடி ஏற வேண்டும்.

தக்காளிப் பூ உதிர்வது வேறு கதை. பகலில் 32 டிகிரி, இரவில் 24 டிகிரி தாண்டினால் அது சரியாகக் காய் பிடிக்காது. பங்குனிக் கடைசியில் இங்கே அந்த வெப்பம் வந்துவிடும். அப்போது உரத்தைக் கூட்டினால் மண்ணில் உப்புதான் ஏறும். நிழல்வலை கட்டிச் செடியைக் காப்பாற்றுங்கள், அப்புறம் ஆடியில் புதிதாக விதைத்துக்கொள்ளலாம்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கவே கூடாது. டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும்.

மல்லிச் செடி தாறுமாறாக வளர்ந்திருக்கிறதே என்று இப்போது கத்தரி எடுக்காதீர்கள். புதுத் துளிரில்தான் மொட்டு வரும், அதையே வெட்டிவிடுவீர்கள். கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது, கார்த்திகைக் கடைசியிலோ மார்கழியிலோதான். இப்போதைய வேலை பறிப்பது மட்டுமே. வெயில் ஏறுவதற்கு முன், பருத்து வெளுத்த மொட்டாகப் பார்த்துப் பறியுங்கள். பச்சை மொட்டைப் பறித்தால் சாயங்காலம் விரியாது.