ரேடார் மழைத் தரவை ஆற்று மாதிரிக்குள் விடுவதற்கு முன்

மழையிலிருந்து ஆற்று வெள்ளத்தைக் கணிக்கும் கணினிக் கணக்குதான் ஆற்று மாதிரி. அதற்கு மழைத் தரவு தரும் ரேடார் மழையை நேரடியாக அளப்பதில்லை. அனுப்பிய அலை மழைத்துளிகளில் பட்டு எவ்வளவு திரும்புகிறது என்பதைத்தான் அளக்கிறது. அதை மில்லிமீட்டராக மாற்றுவது நம் கணக்கு. அந்தக் கணக்கில் 10 மி.மீ. குறைந்தால், 100 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்பில் 10 லட்சம் கன மீட்டர் தண்ணீர் காணாமல் போகும்.

முதல் வேலை நேரத்தைச் சரிபார்ப்பது. ரேடார் கோப்பு பெரும்பாலும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும், மழைமானி உள்ளூர் நேரத்தில். ஏற்கெனவே மாற்றிய கோப்பை நான் ஒருமுறை மறுபடியும் மாற்றிவிட்டேன். மழைக்கு முன்பே வெள்ளம் வந்தது!

அடுத்து, பொய் எதிரொலிகள். வானம் தெளிந்த சில நாள்களின் படங்களை எடுத்துப் பாருங்கள். அப்போதும் அதே கட்டங்களில் 'மழை' தெரிந்தால் அது மலையோ கட்டடமோதான், நீக்குங்கள். ஆனால் அங்கே பூஜ்யம் போடாதீர்கள், 'தரவு இல்லை' என்று குறியுங்கள். மலை மறைக்கும் பகுதிக்கு, ரேடார் சற்று மேல்நோக்கிப் பார்க்கும் அடுத்த உயரக் கோணத்தின் தரவை எடுக்கலாம். தூரமும் தொல்லைதான்: 0.5 பாகையில் அனுப்பிய கற்றை 100 கி.மீ. தாண்டும்போது தரையிலிருந்து சுமார் 1.5 கி.மீ. மேலே போய்விடும். அதற்குக் கீழே நடப்பது ரேடாருக்குத் தெரியாது.

இனி எதிரொலியை மழையாக்குவோம். மார்ஷல், பால்மர் இருவரின் பெயரால் வழங்கும் சூத்திரம்: எதிரொலிப்பு = 200 × (மழைவீதம்)^1.6. ரேடார் எதிரொலிப்பை டிபிஇசட் (dBZ) என்ற மடக்கை அலகில் தரும். அந்த மதிப்பை 10ஆல் வகுத்து, 10இன் அடுக்காகப் போட்டால் எதிரொலிப்பு கிடைக்கும். 40 டிபிஇசட் என்றால் 10,000. மழை மணிக்கு 11.5 மி.மீ. 200, 1.6க்குப் பதிலாக வெப்பமண்டல மழைக்குப் பயன்படும் 250, 1.2 என்ற எண்களைப் போட்டால் அதே 40க்கு 21.6 மி.மீ. வருகிறது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! சூத்திரத்தை மழையின் வகை பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சராசரி எடுப்பதாக இருந்தால் மழையாக மாற்றிய பிறகு எடுங்கள். டிபிஇசட் மடக்கை அளவு, அதைச் சராசரி செய்தால் தப்பு.

சரி, கடைசியாக மழைமானியோடு ஒப்பிடுவது. மூன்று மானிகள் 18, 25, 32 மி.மீ. காட்டுகின்றன, அதே இடங்களில் ரேடார் 12, 18, 20 காட்டுகிறது. மானிகளின் மொத்தம் 75ஐ ரேடாரின் மொத்தம் 50ஆல் வகுத்தால் 1.5. ரேடார் படம் முழுவதையும் இதனால் பெருக்குங்கள். ஒவ்வொரு மானிக்கும் தனி விகிதம் கண்டு சராசரி எடுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை, சிறு மழை பதிந்த ஒரே மானி விகிதத்தை எங்கோ தூக்கிவிடும். இலை அடைத்த மானியைச் சேர்க்காதீர்கள். பிறகு சரிபார்க்க, ஒன்றிரண்டு மானிகளைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வையுங்கள்.

அப்புறம் நீர்ப்பிடிப்புச் சராசரி எடுத்து மாதிரியை ஓட்டலாம். வெள்ள உச்சம் இன்னும் குறைவாக வந்தால் உடனே மண்ணின் அளவுருக்களை, அதாவது மண் எவ்வளவு நீரை உறிஞ்சும் என்று மாதிரிக்குச் சொல்லும் எண்களை, திருகாதீர்கள். முதலில் ஒதுக்கி வைத்த மானிகளோடு மழையை ஒப்பிடுங்கள். மழை பொருந்தினால் மட்டும் மண்ணைத் தொடுங்கள்.