ஐப்பசியில் மன்னார்: சைக்கிளில் ஒரு பறவை நாள்

ஊருக்குப் போகிற எங்களில் பலர் நல்லூர்த் திருவிழாவைக் கணக்குப் பண்ணி ஓகஸ்டில்தான் ரிக்கெற் போடுகிறோம். பறவை பார்க்கும் ஆசை இருந்தால் அந்த மாதம் சரிவராது. ஓகஸ்ட் கடைசியில் உள்ளான்கள் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்) ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கினாலும் கூட்டம் சேர்வது ஒக்டோபரில்தான். சோளகம் ஓய்ந்து வாடை இன்னும் பிடிக்காத நேரம் அது. சைக்கிள் மிதிக்கவும் சுகம். ஒக்டோபர் கடைசியில் பாடசாலை விடுமுறை வரும் லண்டன், பாரிஸ் குடும்பங்களுக்கு நல்ல பொருத்தம்.

யாழ்ப்பாணத்திலிருந்து சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி வழியாக ஏ32 வீதியில் மன்னாருக்கு வரலாம். முதல் நாள் பின்னேரமே வந்து நகரில் தங்கிவிடுங்கள். சைக்கிள் எங்கே எடுக்கலாம் என்று தங்குமிடத்திலேயே விசாரியுங்கள். தரை தட்டை, கியர் தேவையில்லை. ஆனால் பிரேக்கை அன்றைக்கே பிடித்துப் பாருங்கள். எனக்குக் கிடைத்த சைக்கிளில் முன் பிரேக் அழகுக்குத்தான் இருந்தது. ஒரு கழுதை குறுக்கே வந்து நின்றபோதுதான் அது தெரிந்தது. (மன்னார்க் கழுதைகள் மணிச் சத்தத்துக்கெல்லாம் அசையாது.)

விடிய ஐந்தரைக்குப் புறப்படுங்கள். மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதி சுமார் 3 கிலோமீற்றர். அதைத் தாண்டினால் வங்காலைப் பறவைகள் சரணாலயம். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு 4,839 ஹெக்ரேயர். காலையில் வீதியின் மேற்குப் பக்கத்தையும் பின்னேரத்தில் கிழக்குப் பக்கத்தையும் பாருங்கள். வெயில் உங்கள் முதுகில் விழவேண்டும், இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு உள்ளான் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். நிறத்தை விட்டுவிட்டு அலகைப் பாருங்கள். குட்டை அலகுக்காரன் ஓடி ஓடி மேல்மட்டத்தில் கொத்துவான். நீண்ட அலகுக்காரன் நின்ற இடத்திலேயே சேற்றுக்குள் ஆழமாக விட்டுத் துழாவுவான். ஒரே சேற்றில் இத்தனை இனங்கள் பெரிய சண்டையில்லாமல் சாப்பிடுவது இதனால்தான். இதைக் கவனிக்கவே ஒரு மணித்தியாலம் போய்விடும். தண்ணீர்ப் பக்கம் ஊசிவால் வாத்துகள், ஆலாக்கள், கூழைக்கடாக்கள் இருக்கும்.

இன்னொன்று: சைக்கிளில் கடந்து போகிறவரைப் பறவை பெரிதாக எடுப்பதில்லை. நிறுத்தி இறங்கியதும்தான் தலை நிமிரும். ஆகவே கொஞ்சம் முன்னதாகவே நிறுத்தி, அசையாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கிட்டப் போய்ப் படம் எடுக்க ஆசைப்பட்டால் முழுக் கூட்டமும் எழும்பிவிடும். எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி போதும்.

பூநாரைக்காகவே வருகிறீர்களா? ஒக்டோபரில் அதற்கு உறுதி சொல்ல முடியாது. மழை பெய்து களப்பு நிரம்பிய பிறகு, கார்த்திகை மார்கழியில் போனால் வாய்ப்பு அதிகம். பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். என் மருமகள் அரை நாள் என்னோடு கதைக்கவில்லை.

ஒன்பதரைக்கு மேல் வெயில் கொளுத்தும், கானலில் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. வங்காலைப் பக்கம் ஒரு கடையில் பிளேன்ரீ குடித்துவிட்டுத் திரும்பி, மூன்றரை வரை படுத்து எழும்புங்கள். ஒருவருக்கு மூன்று லீற்றர் தண்ணீராவது வேண்டும். படுக்க மனமில்லாதவர்கள் பள்ளிமுனையில் உள்ள பழைய பெருக்க (பயோபாப்) மரத்தைப் போய்ப் பார்க்கலாம். தலைமன்னாரை அதே நாளில் சைக்கிளில் சேர்க்க வேண்டாம். போக வர ஐம்பது கிலோமீற்றருக்கு மேல்.

காய்ந்து வெடித்த சேற்றை நம்பி இறங்காதீர்கள், மேலே பொருக்கு, கீழே முழங்கால் ஆழம். மக்கள் நடமாடும் பாதையை விட்டு விலகவேண்டாம். மண்டையோட்டுப் படத்தோடு சிவப்புப் பலகை (கண்ணிவெடி எச்சரிக்கை) கண்டால் அப்படியே திரும்புங்கள். படை முகாம், சோதனைச் சாவடிப் பக்கம் கமராவோ தொலைநோக்கியோ தூக்காதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டு வாருங்கள், அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது.

ஆறு மணிக்கெல்லாம் மளமளவென்று இருட்டிவிடும். தாம்போதியில் பஸ்களும் ரிப்பர்களும் வேகமாக வரும். பின்னுக்குச் சிவப்பு வெளிச்சம் ஒன்று வெளிநாட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கனடா, பிரான்சிலிருந்து போகிறவர்கள் இடப்பக்கம் ஓடவேண்டும் என்பதை மறக்கவேண்டாம், பறவையை அண்ணாந்து பார்க்கும்போதுதான் அது மறந்துபோகிறது.