ரூஃப் பாக்ஸ் வாங்கப் போகிறீர்களா? லிட்டரைப் பார்க்காதீர்கள்

நீண்ட பயணத்துக்குக் கிளம்புமுன் கூரையில் கேரியர் மாட்டிக்கொண்டு, "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்" என்று வண்டியை என்னிடம் கொண்டுவருகிறவர்கள் உண்டு. வண்டி மாறுகிறது, ஆள் மாறுகிறார், தவறுகள் மட்டும் மாறுவதில்லை. இவற்றில் பல, ஆரம்ப காலத்தில் நானும் செய்தவைதான். ஸ்ட்ராப்பை இறுக்கிக் கட்டுங்கள், பூட்ட மறக்காதீர்கள் என்பதை எல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. வாங்கும்போதே நடந்துவிடுகிற, பிறகு திருத்தப் பணமும் நேரமும் கேட்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

லிட்டரைப் பார்த்து வாங்குவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

கார் கூரையில் மாட்டுகிற மூடிய சாமான் பெட்டிதான் ரூஃப் பாக்ஸ். அதை லிட்டர் கணக்கில் விற்கிறார்கள். 300 லிட்டர், 420 லிட்டர், 500 லிட்டர். பெரியதாக எடுத்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று தோன்றும். அடங்கும்தான். ஆனால் அதை உங்கள் கூரை தாங்குமா என்பதற்கு லிட்டரில் பதில் கிடையாது. அந்தப் பதில் காரோடு வந்த கையேட்டில், கூரைச் சுமை வரம்பு என்ற இடத்தில் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது 50 கிலோவிலிருந்து 100 கிலோவுக்குள் இருக்கும். 75 கிலோ அடிக்கடி கண்ணில் படுகிற எண். கூரையில் எதையுமே ஏற்றக் கூடாது என்று சொல்கிற கார்களும் உண்டு.

அந்த 75 கிலோவும் உங்கள் சாமானுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கூரையின் குறுக்கே போகிற கம்பியான கிராஸ் பார், அதைக் கூரையோடு பிடித்து நிறுத்துகிற கால்கள், பாக்ஸ் எல்லாம் அதற்குள்ளேதான் வர வேண்டும். இரண்டு கிராஸ் பாரும் கால்களும் சேர்ந்து ஆறு கிலோ என்று வையுங்கள். 450 லிட்டர் கொள்ளும் கெட்டியான பாக்ஸ் 20 கிலோ சுமாருக்கு வரும். 22 என்று வைப்போம். மிச்சம் 47 கிலோ. ஆளுக்கு 15 கிலோ என்று நாலு பெட்டி ஏற்றினாலே 60 கிலோ ஆகிவிட்டது. பாக்ஸில் இன்னும் இடம் காலியாகத் தெரியும். காலி இடத்தைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. பெரிய பாக்ஸின் ஆபத்தே இதுதான்.

ஒரு குடும்பம் பயணத்தின் நடுவில், "மேலே ஏதோ கிரீச் கிரீச் என்கிறது" என்று வண்டியை நிறுத்தியது. நான் போய்ப் பார்த்தேன். பின்பக்க கிராஸ் பாரின் இடது கால் விரல் அகலத்துக்கு முன்னால் நகர்ந்திருந்தது. அதன் அடியில் இருந்த ரப்பர் மடங்கி, உலோக விளிம்பு நேராகப் பெயிண்டில் உட்கார்ந்திருந்தது. அந்த இடத்தில் கூரை உள்வாங்கியிருந்தது. விரலை வைத்துத் தடவினால் குழி தெரிந்தது. பாக்ஸைத் திறந்தால் தண்ணீர்க் கேன்கள், அடுப்பு, கருவிப்பெட்டி, எல்லாமே கனமானவை. ஒவ்வொன்றாக எடை மெஷினில் வைத்துக் கூட்டிப் பார்த்தோம். பாக்ஸையும் பாரையும் சேர்க்காமலே கூரையின் வரம்பைத் தாண்டிவிட்டது. வண்டி ஓட்டியவர் நொந்துபோய்ச் சொன்னார்: "அண்ணே, பாக்ஸ்லயே 75 கிலோன்னுதானே போட்டிருக்கு?"

போட்டிருந்தது உண்மைதான். ஆனால் அது பாக்ஸின் தரைத்தகடு தாங்குகிற எடை. கூரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது மூன்று எண்கள்: கூரையின் வரம்பு, கிராஸ் பாரின் வரம்பு, பாக்ஸின் வரம்பு. மூன்றில் எதையுமே மீறக் கூடாது. எது முதலில் இடிக்கிறதோ அதுதான் உங்கள் எல்லை. விற்கிறவர் கடைசி எண்ணை மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறார். என் கோபம் வாங்குகிறவர் மேல் அல்ல, அப்படி அனுப்புகிறவர் மேல்தான்.

"கூரை மேல் நாலு பேர் உட்கார்ந்து போட்டோ எடுத்தோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று வாதாடுகிறவர்களும் உண்டு. நிற்கிற வண்டியின் கூரை, ஓடும்போது தாங்குவதைப் போலப் பல மடங்கு தாங்கும். கார் கூரை மேல் விரிக்கிற கூடாரத்துக்குள் ஆட்கள் படுக்க முடிவது அதனால்தான். கையேட்டில் இருக்கிற வரம்பு ஓடுகிற வண்டிக்கானது. காய்ந்த சாலையில் பலமாக பிரேக் பிடித்தால், சாமான் எடையின் முக்கால் பங்கு அளவுக்கு ஒரு விசை அதை முன்னால் தள்ளும். வளைவில் பக்கவாட்டில் இழுக்கும், பள்ளத்தில் தூக்கிப் போடும். அத்தனையும் போய்ச் சேருவது கூரையைக் கவ்விக்கொண்டிருக்கிற நாலு சின்னக் கால்களில்.

வண்டி ஓட்டும் விதமும் மாறிவிடும். சாதாரண காரின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் சுமாரில் இருக்கிறது. அதைப் போல மூன்று மடங்கு உயரத்தில் 70, 80 கிலோவை வைத்தால் திருப்பங்களில் வண்டி சாய்வதை ஸ்டியரிங்கிலேயே உணரலாம். இன்னொன்று: கூரை வரம்பு கூடுதல் சலுகை அல்ல. ஆட்கள், டிக்கி, கூரை எல்லாம் சேர்ந்து வண்டியின் மொத்த எடை வரம்புக்குள் இருக்க வேண்டும். ஐந்து பேர் ஏறி டிக்கியும் நிறைந்துவிட்டால், கூரையில் 75 கிலோவுக்கு இடமே இல்லாமல் போகலாம்.

சரி, என்ன செய்வது? முதலில் மேலே போகப் போகிற சாமானை ஒரு ஓரமாகக் குவித்து எடை போடுங்கள். பாக்ஸைத் தேடுவது அப்புறம். இடத்தை அடைத்துக்கொண்டு எடை இல்லாதவைதான் மேலே போக வேண்டும்: போர்வை, தலையணை, ஸ்லீப்பிங் பேக், குளிர் உடைகள். கனமானவை டிக்கியின் அடித்தளத்தில், பின்சீட்டை ஒட்டி. மேலேயும் ஏதாவது கனமாக வைத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு கிராஸ் பாருக்கும் நடுவில் வையுங்கள், முனைகளில் அல்ல. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, 500 லிட்டர் கேட்டு வந்த பலருக்கு 320 லிட்டரே போதும் என்று தெரிந்துவிடுகிறது.

கூரையில் கம்பி இருக்கிறதே என்று நம்புவது

கூரையின் இரு ஓரத்திலும் நீளவாக்கில் ஓடுகிற கம்பிதான் ரூஃப் ரெயில். எல்லா ரூஃப் ரெயிலும் சுமை தாங்குவதற்கு அல்ல. சில கார்களில் அது வெறும் அலங்காரம். ஒட்டியோ கிளிப்பில் மாட்டியோ வைத்த பிளாஸ்டிக். அசைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அலங்கார ரெயிலும் கைக்கு கெட்டியாகத்தான் இருக்கும். கையேட்டில் ரெயிலுக்குச் சுமை எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அதில் எதையும் கட்டாதீர்கள்.

நிஜமான ரெயிலிலும் வகைகள் உண்டு. அடியில் விரல் நுழைகிற உயர்ந்த ரெயில், கூரையோடு ஒட்டிய ரெயில், மூடிக்கு அடியில் திருகுத் துளை மட்டும் உள்ள கூரை, எதுவுமே இல்லாமல் கதவுச் சட்டத்தைக் கவ்வ வேண்டிய கூரை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கால் வேண்டும். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று விற்கிற கிளாம்ப் பெரும்பாலும் எதற்கும் சரியாகப் பொருந்தாது. சன்ரூஃப் இருந்தால், அது மேல்நோக்கித் திறக்கும்போது கிராஸ் பாரில் இடிக்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கி கதவை மறப்பது

ஹேட்ச்பேக், எஸ்யூவி வைத்திருப்பவர்கள் டிக்கியை முழுக்கத் திறந்து, கதவின் மேல் விளிம்பு எங்கே வந்து நிற்கிறது என்று டேப் வைத்து அளக்க வேண்டும். நீளமான பாக்ஸ் அந்த எல்லையைத் தாண்டிப் பின்னால் நீண்டால், முதல் தடவை திறக்கும்போதே இரண்டில் ஒன்றில் கீறல் விழும். தானாகத் திறக்கிற மின்கதவு என்றால் இன்னும் மோசம்.

பாக்ஸுக்குப் பதில் கூரையில் கட்டுகிற துணிப் பையில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருப்பதை நம்புவது

துணி நனையாது. தையலும் ஜிப்பும் நனையும். நிற்கிற வண்டி மேல் பெய்கிற மழை வேறு. ஓடும்போது காற்று ஜிப்பின் பற்களுக்குள் திணிக்கிற மழை வேறு. தைத்த பையைவிட, வெப்பத்தில் ஒட்டிய மூட்டுகள் உள்ள பை மேல். ஜிப்பை மூடுகிற மடிப்பு இருக்க வேண்டும், ஜிப்பின் வாய் பின்பக்கம் பார்க்க வேண்டும். வாங்கியதும் உள்ளே கசக்கிய செய்தித்தாளை நிரப்பி, ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் பீய்ச்சி அடியுங்கள். எந்த மூலையில் தாள் நனைந்திருக்கிறதோ, அங்கேதான் ஒழுகல்.

கிராஸ் பார் இல்லாமல் கட்டுகிற பைகளில் ஸ்ட்ராப் கதவு வழியாக உள்ளே வரும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் அந்த இடத்தில் சரியாக மூடாது. மழைத் தண்ணீர் ஸ்ட்ராப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கி, சீட்டில் சொட்டும். மழைக்காலப் பயணத்துக்கு இந்த வகை வேண்டவே வேண்டாம். எந்தக் காலத்திலும் பையை வைக்குமுன் கூரையைக் கழுவித் துடையுங்கள்; அடியில் சிக்கிய மணல் வழி முழுக்கப் பெயிண்டைத் தேய்க்கும். ஓடும்போது ஸ்ட்ராப் விர்ரென்று இரைந்தால், அதை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டுங்கள், நின்றுவிடும்.

மைலேஜைக் கணக்கில் சேர்க்காதது

அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்குப்படி, முன்பக்கம் மொட்டையான பெரிய கூரைப் பெட்டி நகருக்குள் 2 முதல் 8 சதவீதம் வரை மைலேஜைக் குறைக்கும். நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம். மணிக்கு 105 முதல் 120 கி.மீ. வேகத்தில் 10 முதல் 25 சதவீதம். வண்டியின் பின்னால் மாட்டுகிற பெட்டிக்கு நெடுஞ்சாலையிலும் 1 முதல் 5 சதவீதம்தான். பின்னால் மாட்ட வசதி உள்ள வண்டி என்றால் அதையும் யோசியுங்கள். கூரைதான் என்று முடிவானால், உயரம் குறைந்து முன்பக்கம் கூரான பாக்ஸ் எடுங்கள்.

வீடு திரும்பியும் கழற்றாமல் விடுவது

காலிப் பாக்ஸும் காற்றைத் தடுக்கும். கிராஸ் பாரையும் சேர்த்துக் கழற்றுங்கள்.

உயரத்தை அளக்காதது

தாழ்வான பார்க்கிங் வாசலில் இடிக்காமல் இருக்க, மாட்டியதும் தரையிலிருந்து உச்சி வரை அளந்து, அந்த எண்ணை டேஷ்போர்டில் ஒட்டுங்கள்.

ஒரே தடவை இறுக்கிவிட்டு மறப்பது

முதல் 50 கி.மீ. ஓடியதும் நிறுத்தி, நாலு காலையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஏதாவது ஒன்று கொஞ்சம் தளர்ந்திருக்கும்.